குறுகிய தூர பட் இடப்பக்கம் போவது ஏன்? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, புதுச்சேரி முத்தியால்பேட்டை நேயர் ஒருவருடையது. "பல வருடமாகப் பெத்தாங்க் விளையாடுகிறேன், இப்போது கோல்ஃப் பழகுகிறேன். பத்தடி பட் எல்லாம் இடப்பக்கமே போகிறது. கைப்பிடியை முன்கையில் சாய்த்துப் பிடிக்கும் பட்டர் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். வலக்கை ஆட்டக்காரர்தானாம். பட் என்பது குழிக்கு அருகே பந்தைத் தரையோடு உருட்டித் தட்டுவது, அதற்கான மட்டைதான் பட்டர். பெத்தாங்க் என்பது இரும்புக் குண்டை இலக்கை நோக்கி வீசும் பிரெஞ்சு ஆட்டம்.

சார், பெத்தாங்க் என்று சொன்னதுமே பாதி விளங்கிவிட்டது. உள்ளங்கை கீழே பார்க்கக் குண்டைப் பிடித்து, விடும் நொடியில் மணிக்கட்டைச் சுண்டுவீர்கள். குண்டு பின்சுழற்சியோடு விழுந்து நிற்கும். அங்கே அது வித்தை, பட்டிங்கில் அதுவே வினை. பந்தைத் தொடும் நேரத்தில் வலக்கை முந்திக்கொண்டு சுண்டுகிறது. இடது மணிக்கட்டு பின்னால் மடிகிறது. பட்டரின் முகம், அதாவது பந்தைத் தொடும் பரப்பு, இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. முகம் மேல்நோக்கியும் சாய்வதால் பந்து முதலில் சற்றுத் துள்ளும். கவனித்துப் பாருங்கள்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்பு 5.4 சென்டிமீட்டர்தான். 3 மீட்டர் தூரத்தில் 1 டிகிரி விலகினாலே பந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். 2 டிகிரி என்றால் குழியை மறந்துவிட வேண்டியதுதான்.

நெடுந்தூர அடிக்கான டிரைவர் மட்டையால் அடிக்கும்போது மணிக்கட்டு மடிந்து விரிந்தால்தான் வேகம் கிடைக்கும். பட்டிங்கில் அந்த வேகம் யாருக்கு வேண்டும்? தோள் ஆடட்டும், முழங்கையும் மணிக்கட்டும் சும்மா கூட வரட்டும். தூரம் அதிகமென்றால் பின்வீச்சைச் சற்று நீட்டுங்கள், வேகமாகத் தட்டாதீர்கள். பிடியையும் இறுக்க வேண்டாம். இறுக்கினால் தோள்வரை விறைத்துவிடும்.

இடக்கைக் கடிகாரப் பட்டைக்குள், புறங்கைப் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைச் செருகிக்கொண்டு பட் செய்யுங்கள். மணிக்கட்டு மடிந்த நொடியே ஸ்கேல் புறங்கையில் குத்தும். மொட்டை மாடியில் பாய் விரித்துக்கூடப் பழகலாம். பந்து எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், குத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முன்கையில் சாய்க்கும் பட்டர் விதிப்படி சரிதான். கைப்பிடியை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி அடிப்பதுதான் 2016 ஜனவரி 1 முதல் தடை. அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ 2020 அமெரிக்க ஓப்பன் போட்டியை முன்கையில் சாய்த்துத்தான் வென்றார். ஆனால் அது நீளமும் முகச்சாய்வும் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) கூடுதலாக உள்ள தனிப் பட்டர். கையிலிருக்கும் சாதாரணப் பட்டரை அப்படிப் பிடித்தால் சாய்வு குறைந்து, பந்தைத் தரையில் அழுத்தும். முதலில் ஸ்கேலோடு பழகுங்கள், பட்டரைப் பிறகு பார்க்கலாம்.