சலோமி கார்வாவைத் தொடத் தயங்கிய கைகள்

(உலகச் செவிலியர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மேடையைச் சிறப்பிக்கும் செவிலியர் கல்லூரி முதல்வர் அவர்களே, மகப்பேறு மருத்துவத்துக்கே தம் வாழ்நாளை ஒப்படைத்துவிட்ட மூத்த மருத்துவர் அம்மையார் அவர்களே, அழகிய வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, இரவுப் பணியை முடித்துவிட்டுச் சீருடையோடு வந்து பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் செவிலியர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எத்தனையோ அலுவல்களுக்கிடையில் இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்க இசைந்த தலைவர் அவர்களுக்கும், மாணவியர் அனைவரும் வந்து கேட்க வேண்டுமென்று வகுப்புகளை மாற்றியமைத்த முதல்வர் அவர்களுக்கும் முதற்கண் நன்றி கூறுகிறேன்.

லைபீரியா நாட்டின் செவிலிய உதவியாளர் சலோமி கார்வாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செவிலியராக அவர் ஆற்றிய பணி, தாயாக அவர் பட்ட பாடு, தொண்டராக அவர் தம் மக்களிடையே செய்த வேலை ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டு, 2018-ஆம் ஆண்டு கேரளத்தில் நிபா நோயாளியைக் கவனித்து அந்த நோயாலேயே மறைந்த செவிலியர் லினியைப் பற்றியும் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பழமொழி புதிதல்ல. ஆனால் இதை ஓர் உயிருள்ள மனுஷியின் வாழ்க்கையாக நான் கண்டது சலோமியிடம்தான். 2014-இல் எபோலா என்னும் கொடிய தொற்றுநோய் தமக்குத் தொற்றியதைப் பின்னாளில் விவரித்தபோது, கடுமையான தலைவலியும் காய்ச்சலுமாகத்தான் எல்லாம் தொடங்கின என்றார் அவர்.

நோயுற்ற ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல உதவிய சலோமியின் மாமனுக்கு நோய் தொற்றியது. அந்த உறவினருக்கு உதவப் போன சலோமியின் தந்தை, நோயோடு வீடு திரும்பினார். தந்தையைக் கவனித்தவர்களெல்லாம் அடுத்தடுத்துப் படுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வேறு குற்றமில்லை. பிறருக்குத் துணையாகப் போனதுதான் காரணம். அந்த ஆகஸ்டில் குடும்பமே தலைநகர் மன்ரோவியாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய சிகிச்சை மையத்துக்குச் சென்றது. தந்தையும் தாயும் அங்கேயே மறைந்தார்கள். சலோமியும், அவருடைய சகோதரியும், அவர் மணக்கவிருந்தவரும் பிழைத்தார்கள்.

இப்படிப் பிழைத்து வந்தவர் அந்த வாசலை மறுபடியும் மிதிப்பாரா? அண்டை வீட்டார் கிட்டே வரவே அஞ்சினார்கள். பெற்றோரை இழந்த துயரமும் ஆறவில்லை. ஆனாலும் சலோமி அதே மையத்துக்குத் திரும்பிச் சென்று, நோயாளிகளுக்கு மனத்துணை அளிக்கும் பணியில் சேர்ந்தார். அங்கே பணி செய்வோர் தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடைக்குள் மறைந்திருப்பார்கள். நோயாளிக்குத் தெரிவது கண்ணாடிக்குப் பின்னே இரண்டு கண்கள் மட்டுமே. அந்த வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த உடையில் நிற்பதே கடினம். எபோலாவுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் அன்று கிடையாது. நீர் புகட்டுவது, துடைத்துவிடுவது, ஊட்டுவது, 'நானும் இந்தப் படுக்கையில் கிடந்தவள்தான், எழுந்துவிட்டேன், நீயும் எழுவாய்' என்று சொல்வது, இவைதான் மருத்துவம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தபின் அதைப் பிறருக்கான கருணையாக மாற்றிக்கொண்டார் அந்தப் பெண். 2014-இல் 'டைம்' இதழ் எபோலாவை எதிர்த்துப் போராடியவர்களை ஆண்டின் மனிதர்களாக அறிவித்தபோது, அட்டையில் இடம்பெற்ற முகங்களுள் அவருடையதும் ஒன்று. அந்தக் கொள்ளைநோயில் லைபீரியாவில் மட்டும் 4,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நாட்டின் மருத்துவர், செவிலியர், மகப்பேற்றுப் பணியாளர்களில் சுமார் 8 விழுக்காட்டினரை அது கொண்டுபோயிற்று.

இனி நான் சொல்லப்போவதை மாணவியர் கூர்ந்து கேட்க வேண்டும். 2017 பிப்ரவரி 17 அன்று சலோமி அறுவைச் சிகிச்சை மூலம் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வீடு சேர்ந்த சில மணி நேரத்தில் வலிப்பு கண்டது. கணவரும் சகோதரியும் அவரை மருத்துவமனைக்குத் திரும்பத் தூக்கி ஓடினார்கள். வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்த அவரைத் தொடப் பணியாளர்கள் தயங்கினார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். எபோலாவிலிருந்து மீண்டவர் என்பதே காரணம் என்றார்கள். லைபீரியாவில் நோய்ப்பரவல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு எட்டு மாதங்கள் கடந்துவிட்டிருந்தன! பிப்ரவரி 21 அன்று சலோமி இறந்தார். நான்கு குழந்தைகள் தாயை இழந்தன.

எத்தனையோ நோயாளிகளுக்குக் கை கொடுத்தவருக்குக் கடைசி நேரத்தில் ஒரு கை கிடைக்கவில்லை. இதை நான் எத்தனை மேடைகளில் சொன்னாலும் என் குரல் தடுமாறுகிறது. அவையோர் பொறுத்தருள வேண்டும்.

இங்கேதான் நான் வலியுறுத்தி வரும் கோரிக்கைக்கு வருகிறேன். பிரசவித்த தாய்க்கு வரும் தலைவலியைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம். விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை இரத்த அழுத்தம் ஏறி வலிப்புக்கு இட்டுச்செல்லும் அறிகுறிகளாக இருக்கலாம். கர்ப்பகால வலிப்பு பிரசவத்துக்குப் பின்னும் வரக்கூடும். அதைத் தடுக்கவும் அடக்கவும் பயன்படும் மெக்னீசியம் சல்பேட் விலை குறைந்த மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருப்பது. மருந்து இருந்தும், இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க ஒருவர் பக்கத்தில் இல்லாததால் தாய்மார்கள் சாகிறார்கள். 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்றால், பிரசவித்தவளின் தலைவலி அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருக்கும்படி நாம் விட்டுவிடலாமா? அதைத் தெரிந்துகொள்ளத்தானே செவிலியரை நாடு பயிற்றுவிக்கிறது?

பிரசவித்த முதல் 24 மணி நேரக் கவனிப்புக்குப் பின், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், 7 முதல் 14 நாட்களுக்குள் ஒருமுறையும், ஆறாவது வாரத்தில் ஒருமுறையும் தாயைச் சந்திக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் வாரத்துச் சந்திப்பு தாயின் வீட்டிலேயே, செவிலியர் ஒருவரால் நடக்க வேண்டும் என்கிறேன் நான். அலைந்து வர உடலில் வலுவில்லாதவளை ஏன் அழைக்க வேண்டும்?

சலோமியின் தொண்டு வாழ்வை விரிவாகச் சொல்லவும், லினியைப் பற்றிப் பேசவும் நேரம் இடங்கொடுக்கவில்லை. தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். அவர்களின் இசைவோடு ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன். இன்று இந்த அவை நிறைவேற்றவிருக்கும் தீர்மானத்தில், பிரசவித்த தாயை இரத்த அழுத்தம் அளந்து குறித்த பின்னரே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும், முதல் வாரத்தில் செவிலியர் வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பதையும், அப்படிச் செல்லும் செவிலியருக்குப் போக்குவரத்துச் செலவும் பணி நேரக் கணக்கும் தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். தீர்மானத்தின் படிகள் வாயிலில் உள்ள மேசையில் இருக்கின்றன. செவிலியர்கள் முதலில் கையொப்பமிட வழிவிட்டு, மற்றவர்கள் பின்னர் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.