மலையிடுக்குல சின்ன பிளேன் தாழப் பறந்தா என்ன நடக்கும்?

வணக்கம் மக்களே. இலங்கை மலைநாட்டுல நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் நிக்கிறோம். அந்தா தெரியுதே, ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ல மார்ட்டின்எயார்ங்கிற நெதர்லாந்து கம்பெனியோட டிசி-8 பிளேன் மோதி 191 பேர் செத்த இடம். அது பெரிய ஜெட். எங்க இருக்கோம்னு பிழையா கணிச்சு, இறங்கக்கூடாத உயரத்துக்கு இறங்கிருச்சு. செஸ்னா 172 மாதிரி நாலு சீட்டு பிளேனுக்கு கதை வேற. மலை கண்ணுக்கு முன்னாலயே தெரியும், ஆனா ஏறவும் முடியாது, திரும்பவும் இடம் இருக்காது.

கொழும்புப் பக்கம் ரத்மலானை எயார்போர்ட்ல, கடல் மட்டத்துல, செஸ்னா நிமிஷத்துக்கு 700 அடி வரைக்கும் ஏறும். நுவரெலியா டவுனே 6,000 அடிக்கு மேல. மத்தியானம் 20 டிகிரி வந்துட்டா, அங்க காத்து 8,000 அடியில இருக்கிற அளவுக்கு ஐதாயிரும். எஞ்சின் பவரும் குறையும், இறக்கையும் கூடுதல் வேகம் கேக்கும். ஏத்தம் 400 அடிக்கு வந்துரும். 20 அடி முன்னால போனா 1 அடிதான் ஏறுது. இங்க எந்த மலைச்சரிவு அவ்வளவு குறைஞ்ச சாய்வா இருக்கு, சொல்லுங்க?

சரி, திரும்பிரலாம்னா? காத்து ஐதா இருக்கிறதால மீட்டர் 70 நொட் (ஒரு நொட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) காட்டும், உண்மையில ஓடுறது 80. அந்த வேகத்துல 30 டிகிரி சாய்ச்சுத் திரும்ப 600 மீட்டர் அகலம் வேணும். 45 டிகிரின்னா 350 மீட்டர் போதும், ஆனா பிளேன் ஸ்டோல் ஆகிற, அதாவது இறக்கை தூக்க முடியாம கைவிடுற வேகம் 19 சதவீதம் கூடிரும். பள்ளத்தாக்கோட நடுவுல போறவனுக்கு பாதி அகலம்தான் மிச்சம். காத்து போய் அடிக்கிற சரிவை ஒட்டிப் போகணும். அங்க காத்து மேல தூக்கும், திரும்புறப்ப எதிர்க்காத்து வட்டத்தையும் சுருக்கும். இன்னும் நல்லது, பள்ளத்தாக்குக்குள்ள கீழ இருந்து மேல போகாம, மேல இருந்து கீழ வர்றது.

கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிக்கிற காலத்துல ஊவாப் பக்கம் மலைக்குப் பின்னால காத்து கீழ அமுக்கும். 400 அடி ஏறுற பிளேனை அது சுலபமா இறக்கிரும். அதனால மலைமுகட்டை நேரா இல்லாம 45 டிகிரி கோணத்துல குறுக்கா அணுகணும், குறைஞ்சது 1,000 அடி மேல. 20 நொட் காத்துன்னா 2,000. சர்வதேச விதி ஊருக்கு வெளிய 500 அடி போதும்னு சொல்லுது. இந்த மலைக்கு அது காணாது, அவ்வளவுதான்.

இப்ப அந்த டவரை ஜூம் பண்றேன், பாருங்க. லக்சபான பக்கம் இந்த மாதிரி கரண்ட் லைன் நிறைய. கீழ தடிப்பா தொங்குறது கரண்ட் கம்பி. உச்சியில மெல்லிசா ஒண்ணு ஓடுது, தெரியுதா? இடி விழுந்தா தாங்கிற எர்த் கம்பி. பைலட் தடிச்ச கம்பியைப் பார்த்து மூக்கைத் தூக்குவார், போய் மெல்லிசுல மாட்டுவார். கம்பியைத் தேடாதீங்க, டவரைத் தேடுங்க. ரெண்டு பக்க முகட்டுலயும் டவர் நின்னா நடுவுல கம்பி இருக்கு. தாண்டுறதா இருந்தா டவருக்கு நேர் மேலால.

300 அடியில எஞ்சின் நின்னா 800 மீட்டர்தான் போகும், அரை நிமிஷம் கூட இல்ல. தேயிலை மேல இருந்து மெத்தையா தெரியும். உள்ள கல்லும் தண்ணி ஓடுற கானும், இடையில நிழல் மரமும். அங்கதான் இறக்கியாகணும்னா, பின்காத்தா இருந்தாலும் மேட்டைப் பார்த்தே இறக்குங்க. வேகத்தை கொஞ்சம் கூட்டியே வச்சுக்கங்க, கடைசியில மூக்கை வழமையை விட நிறைய தூக்க வேண்டி வரும்.