முதுமையை ஆராயப் போகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

[திரையில்: இரண்டு காலக்கோடுகள். மேலே சுண்டெலியின் ஆயுள், கீழே ஒரு மாணவரின் பிஎச்டி.]

ஆய்வகச் சுண்டெலி இரண்டரை, மூன்று வருடம் வாழும். பிஎச்டி முடிக்க ஐந்து, ஆறு வருடம் ஆகும். ஒரு மருந்து எலியின் ஆயுளைக் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், எலிகள் வயதாகி இறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. திட்டம் போட்டு, அனுமதி வாங்கி, போதுமான எலிகளைப் பெருக்குவதற்கே நிறைய மாதங்கள் போய்விடும். ஆக, மாணவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. சொதப்பினால் மறுபடி செய்ய நேரமில்லை.

முதுமையின் உயிரியல் என்றதும் டெலோமியர் (குரோமோசோமின் நுனிப் பகுதி), ஸ்டெம் செல், மரபணு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். காலத்தோடு கணக்குப் போட்டு ஆய்வு செய்யும் பழக்கத்தை லேபில் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சரி, காத்திருக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆயுள் குறைந்த உயிரினத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஈஸ்ட், பழ ஈ, ஆப்பிரிக்காவில் வற்றிப்போகும் குட்டைகளில் நாலைந்து மாதமே வாழும் கில்லி மீன், எல்லாவற்றுக்கும் மேலாகச் சி. எலிகன்ஸ் என்ற புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர், ஆயுள் இரண்டு மூன்று வாரம். 1993-இல் அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு, டேஃப்-2 என்ற ஒற்றை மரபணுவில் மாற்றம் கொண்ட புழுக்கள் இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்வதைக் காட்டியது. முதுமையின் வேகத்தை ஒரு மரபணுவால் மாற்ற முடியும் என்பதைப் பலரும் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

[திரையில்: நுண்ணோக்கியின் கீழ் ஒரு தட்டு. பிளாட்டினம் கம்பியின் நுனி ஒரு புழுவைத் தொடுகிறது.]

புதிதாகச் சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது இந்த வேலைதான். புழு உயிரோடு இருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் இறந்ததாகக் குறிக்க வேண்டும். தட்டின் ஓரத்தில் ஏறிக் காய்ந்துபோன புழுவை முதுமையால் இறந்ததாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது; அதற்குத் தனிக் குறிப்பு உண்டு. ஒரு புழு 300 குஞ்சுகள் வரை ஈனும். இளம் வயதில் தாய்ப்புழுவை அடிக்கடி புதுத் தட்டுக்கு மாற்றாவிட்டால், நான்கே நாளில் தாய் எது, பிள்ளை எது என்று தெரியாது. குஞ்சு பொரிக்காமல் தடுக்கும் மருந்து போடலாம். ஆனால் சில வகைப் புழுக்களில் அந்த மருந்தே ஆயுளை மாற்றிவிடுகிறது! இன்குபேட்டரின் வெப்பம் ஓரிரு டிகிரி மாறினாலும் அதே கதிதான்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு சம்பவம். அமெரிக்காவில் மூன்று லேப்கள் சேர்ந்து, ஒரே புழுக்களை ஒரே முறையில் வளர்த்துப் பார்த்தன. முடிவுகள் ஒத்துவரவில்லை. காரணத்தைத் தேடியபோது, புழுவின் வயதை ஒரு லேப் முட்டை பொரிந்த நேரத்திலிருந்து எண்ணுவதும், மற்றவை முட்டை இட்ட நேரத்திலிருந்து எண்ணுவதும் தெரியவந்தது. புழுக்களைக் கையாளும் விதம்கூட ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அனுபவசாலிகளுக்கே இந்த நிலைமை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கென ஓர் அத்தியாயம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், கிராஃபைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். மருந்து எடுத்த எலிகள் அதிக நாள் வாழ்ந்தன என்று ஓர் ஆய்வு சொன்னால், தேர்ந்த கண் முதலில் மருந்து எடுக்காத எலிகளைப் பார்க்கும். அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறந்திருந்தால், அந்த மருந்து முதுமையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. மோசமான வளர்ப்பில் வந்த ஏதோ ஒரு நோயைத் தணித்திருக்கலாம், அவ்வளவுதான். இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்ட பல முடிவுகளை இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்துப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

[திரையில்: மூன்று நகரங்களில் ஒரே நேரத்தில் தொடங்கும் சோதனை.]

அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் எலிச் சோதனைகளை இப்படித்தான் நடத்துகிறது. ஒரே மருந்து, மூன்று இடங்கள், கலப்பு மரபணு கொண்ட எலிகள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் ராபமைசின் என்ற மருந்தைச் சோதித்தபோது அது தீவனத்தில் நிலைக்காமல் சிதைந்தது. மேற்பூச்சு கொடுத்துத் தீவனம் தயாராவதற்குள் எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. அது எலிக்குக் கிழப்பருவம். இருந்தாலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. பத்தில் ஒன்பது எலிகள் இறந்துபோகும் வயது, பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போயிருந்தது. மூன்று இடத்திலும்! அதே திட்டத்தில், ஊரெல்லாம் பேசப்பட்ட ரெஸ்வெரட்ரால் (சிவப்புத் திராட்சையில் இருக்கும் பொருள்) எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

படிக்கும் இடங்களைப் பொறுத்தவரை இன்று நிலைமை பரவாயில்லை. கலிபோர்னியாவில் பக் நிறுவனமும் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து முதுமையின் உயிரியலுக்கென்றே பிஎச்டி தருகின்றன. ஜெர்மனியின் கொலோன் நகரில் இதற்கெனவே ஒரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது. முன்பு புற்றுநோய், நீரிழிவு என்று ஏதாவது ஒரு நோயின் வழியாகத்தான் உள்ளே வர முடியும். அப்படி வந்தவருக்கு முதுமையின் ஒரு மூலைதான் தெரியும். 2013-இல் முதுமையின் அடையாளங்கள், அதாவது வயதாகும்போது செல்லிலும் உடலிலும் நடக்கும் அடிப்படை மாற்றங்கள், ஒன்பது என்று ஆய்வாளர்கள் வகுத்தார்கள், 2023-இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். அத்தனையையும் ஒரே மாணவர் ஆழமாகக் கற்க முடியாது. கற்கத் தேவையும் இல்லை என்பேன். ஒன்றில் ஆழமாக இறங்கிவிட்டு, மற்றவற்றில் வரும் ஆய்வுக் கட்டுரையின் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

பிஎச்டிக்குப் பிறகுதான் நெருக்கடி. சொந்த லேப் தொடங்கிய இளம் விஞ்ஞானி சில வருடங்களுக்குள் முடிவுகளைக் காட்டி வேலையை நிரந்தரமாக்க வேண்டும். எலிகள் அவருக்காகச் சீக்கிரம் கிழடாகப் போவதில்லை. எலிகளை வயதாகும்வரை வளர்த்து, தன்னிடம் நிதி பெற்ற ஆய்வாளர்களுக்கு அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் வழங்குகிறது. இரண்டு வருடக் காத்திருப்பு மிச்சமாகிறது. விவரமானவர்கள் புழுவில் ஒன்று, எலியில் ஒன்று என இரண்டு திட்டங்களை ஒன்றாக நடத்துகிறார்கள். புழு கட்டுரையைக் கொடுக்கும், எலி பின்னால் வரும்.

நிறுவன வேலை தேடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதுமையை ஒரு நோயாக வைத்து மருந்துக்கு ஒப்புதல் தருவதில்லை. அதனால் நிறுவனங்கள் மூட்டுவலி, கண் நோய் என்று ஏதாவது ஒரு நோயைப் பிடித்துக்கொண்டுதான் மனிதச் சோதனைக்குப் போகின்றன. மனிதச் சோதனை எப்படி வடிவமைக்கப்படுகிறது என்று கொஞ்சமாவது தெரிந்த உயிரியலாளருக்கு அங்கே மதிப்பு அதிகம். பல பயிற்சித் திட்டங்கள் இதை இன்னும் ஓரமாகத்தான் வைத்திருக்கின்றன.

எந்த லேபில் சேரலாம் என்று யோசிக்கிறீர்களா? நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே மருந்து எதுவும் எடுக்காத எலிகள் சராசரியாக எத்தனை நாள் வாழ்கின்றன?" நன்றாக நடக்கும் லேபில் அந்த எண்ணைச் சொல்ல யாரும் யோசிக்க மாட்டார்கள்.