மூளையில் ரத்தக் கசிவுக்குப் பிறகு கொழுப்பு மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

மூளையில் ரத்தம் கசிந்து, பிழைத்து வீடு திரும்பியவரின் மாத்திரை டப்பாவில், ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளில் ஒன்றான அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ பல நேரம் ஏற்கெனவே இருக்கும். சர்க்கரைக்காகவோ மாரடைப்புக்குப் பிறகோ எழுதிக் கொடுத்த மாத்திரை. இனி அதைப் போடலாமா?

இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது 2006-இல் வெளியான ஸ்பார்க்கிள் ஆய்வு. பக்கவாதமோ, வந்து சில மணி நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமோ கண்ட 4,731 பேரில் ஒரு பாதிக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை. ஏறத்தாழ 5 ஆண்டுகளில், மருந்து எடுத்தவர்களுக்கு மொத்தத்தில் பக்கவாதம் குறைந்தது. ரத்தக் கசிவு மட்டும் அவர்களில் 55 பேருக்கு வந்தது. மற்றவர்களில் 33 பேருக்கு. ஆனால் 80 என்பது உச்ச அளவு. ஆய்வில் சேர்ந்தவர்களில் முன்பே கசிவு கண்டவர்களும் வெகு சிலர்தான். 10, 20 போடுகிறவர் இந்தக் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

முதலில் கேட்க வேண்டியது, கசிவு எந்த இடத்தில் என்பது. தலாமஸ், பேசல் கேங்லியா போன்ற ஆழமான பகுதி என்றால் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பே காரணம். அங்கே அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைப்பதுதான் பெரிய வேலை; மாத்திரைக்கு வலுவான காரணம் இருந்தால் தொடரலாம். மூளையின் வெளிப்புற மடல்களில் கசிந்திருந்தால், அதுவும் முதியவருக்கு என்றால், கதை வேறு. அமிலாய்டு என்ற புரதம் படிந்து நைந்த ரத்தக் குழாய்கள் மறுபடி கசியக்கூடியவை. எம்ஆர்ஐ படத்தில் சிறு கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் சந்தேகம் வலுக்கும். இவர்களுக்குக் கொழுப்பு அளவு கூடியிருந்தது என்பதற்காக மட்டும் எழுதப்பட்ட மாத்திரையை நிறுத்திவைப்பது நியாயம் என்பது என் கருத்து. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பவருக்கு அப்படிச் சட்டென்று நிறுத்த முடியாது. இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். மடல் கசிவு வந்தவர்கள் தொடர்வதா விடுவதா என்பதை நேரடியாக ஒப்பிடத்தான் அமெரிக்காவில் சாட்டர்ன் ஆய்வு வகுக்கப்பட்டது.

மருத்துவமனையில் ஸ்டாட்டினைத் தொடர்ந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று சில பதிவேட்டு ஆய்வுகள் சொல்லும். விழுங்கவே முடியாத, மிக மோசமான நோயாளிகளுக்குத்தான் மாத்திரை முதலில் நிற்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்; தேறியது மாத்திரையால்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

குழாய் வீங்கி வெடித்து, மூளையைச் சுற்றிப் பரவும் கசிவு வேறு ரகம். அதில் சிம்வாஸ்டாட்டின் 40 கொடுத்துப் பார்த்த ஸ்டாஷ் ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. அங்கே கைகொடுப்பது நிமோடிபின் என்ற வேறு மருந்து.

வீட்டில் நடக்கும் தவறு ஒன்றுண்டு. நம் மருந்துக் கடைகளில் ஸ்டாட்டினோடு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்த ஒரே கேப்சூல் கிடைக்கிறது. 'கொழுப்பு மாத்திரைதானே' என்று பழைய அட்டையை எடுத்துப் போட்டால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தும் கூடவே உள்ளே போய்விடும். அட்டையின் பின்புறம் எத்தனை மருந்துப் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற சில ஸ்டாட்டின்களின் வேலையைக் குறைக்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகள், மூன்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.