கிராண்ட் வுட்: ஐயோவாவின் மேடுகளை வரைந்தவர்

[திரையில்: 'ஸ்டோன் சிட்டி, ஐயோவா', 1930. முழு ஓவியம். பிறகு மரங்களுக்கு நெருக்கமாக.]

இந்த மரங்களைப் பாருங்கள். எல்லாம் உருண்டை உருண்டையாக நிற்கின்றன. மேடுகள் உப்பி எழும்பியிருக்கின்றன. சாலை அவற்றின் மேல் வளைந்து வளைந்து ஏறுகிறது. முளைவிட்ட சோளப்பயிர் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நிற்கிறது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஸ்டோன் சிட்டி என்ற ஊர் உண்மையிலேயே இருக்கிறது. ஆறும் பாலமும் சுண்ணாம்புக்கல் குவாரியும் அங்கே உண்டு. ஆனால் நேரில் போய் நின்றால் இந்தக் காட்சி கிடைக்காது. கிராண்ட் வுட் கண்ணில் பட்டதை அப்படியே பிரதியெடுக்கவில்லை. நிலத்தின் வடிவங்களைத் திரட்டி, சுருக்கி, புதிதாக அடுக்கினார். அது எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: ஐயோவா வரைபடம். அனமோசா, சீடர் ராப்பிட்ஸ்.]

1891 பிப்ரவரி 13 அன்று அனமோசாவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். 1901இல் அப்பா இறந்துபோக, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீடர் ராப்பிட்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். கிராண்டுக்கு அப்போது பத்து வயது. இந்த வயதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1920களில் சில முறை ஐரோப்பா போனார், பாரிஸில் படித்தார். அந்தக் காலத்து ஓவியங்களில் இம்ப்ரெஷனிஸ்ட் சாயல்தான்: தளர்வான தூரிகைத் தீற்றல், கலைந்த ஒளி. திருப்பம் வேறொரு வேலை மூலமாக வந்தது. சீடர் ராப்பிட்ஸில் போர்வீரர் நினைவுக் கட்டடத்துக்கு ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் வடிவமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதன் தயாரிப்பை மேற்பார்க்க 1928இல் மியூனிக் போனார். அங்கே மெம்லிங் போன்ற பழைய ஃப்ளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி), ஜெர்மன் ஓவியர்களின் பலகை ஓவியங்களைக் கூர்ந்து பார்த்தார். விளிம்பு தெளிவு, பரப்பு வழவழப்பு, தூரத்துப் பொருளிலும் துல்லியம். ஊர் திரும்பியபின் அவர் கை மாறிவிட்டது. இரண்டே ஆண்டில் 'ஸ்டோன் சிட்டி', அதே ஆண்டில் அவருடைய மிகப் புகழ்பெற்ற ஓவியமான 'அமெரிக்கன் காத்திக்'.

[திரையில்: ஒரு வெள்ளைப் பலகை. மேல் பூச்சுகள் ஒவ்வொன்றாக.]

இந்த வழவழப்பு வருவது மெல்லிய ஒளிபுகும் பூச்சுகளால். ஆங்கிலத்தில் கிளேஸ் என்பார்கள். நீங்களே முயன்று பார்க்க விரும்பினால் அடிப்படை இதுதான்.

துணியைவிடப் பலகை நல்லது, நெசவு குறுக்கே வராது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துப் பலகை வளைந்துவிடும். பிறகு பழுப்பு அல்லது சாம்பல் ஒற்றை நிறத்தில் ஒளியும் நிழலும் முழுவதையும் முடித்துவிடுங்கள். மேட்டின் உருட்சி இந்தக் கட்டத்திலேயே வந்தாக வேண்டும். மேல் பூச்சு நிறத்தைத்தான் கொடுக்கும், வடிவத்தைக் காப்பாற்றாது.

நன்றாகக் காய்ந்த பின்னரே நிறம். அடிப் பூச்சில் டர்பன்டைன் (எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம். இதைத் தலைகீழாகச் செய்தால் மேல் பூச்சு முதலில் இறுகிவிடும், அடியில் உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்கும், வெடிப்பு விழும். இன்னொரு பிழை, பச்சையில் வெள்ளை கலப்பது. ஒளிபுகாத வெள்ளை சேர்ந்தால் பூச்சு பால் மாதிரி மங்கும், கீழே நீங்கள் உருட்டிய நிழல் மறைந்துபோகும். வெளிச்சம் வேண்டுமென்றால் அடியிலுள்ள வெள்ளையே தெரியட்டும்.

[திரையில்: 'ஸ்பிரிங் டர்னிங்', 1936. ஏர் ஓட்டுபவருக்கு மிக நெருக்கமாக.]

இனி அவருடைய நிலக்காட்சிகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், அதில் பாதிகூட இல்லாத உயரம். பறவை பார்ப்பதுபோல் மேலிருந்து பார்வை. பிரம்மாண்டமான மேடு, அதன்மேல் எறும்பளவு மனிதர், முன்னால் குதிரைகள். உழவின் போக்கைக் கவனியுங்கள். வயலின் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வருகிறார். அதனால்தான் பழுப்புச் சட்டத்துக்கு நடுவே பச்சைச் சதுரம் மிஞ்சி நிற்கிறது. படைச்சால் பிடித்து உழுதவர்களுக்கு இது பார்த்தவுடன் புரியும்.

அந்தச் சதுரம் ஓவியரின் கற்பனை மட்டுமல்ல. அமெரிக்க அரசின் நில அளவை இந்தப் பகுதியை மைலுக்கு மைல் சதுரங்களாக வெட்டியது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அந்த நேர்கோட்டை வுட் வளைந்த மேட்டின்மேல் போர்த்தினார்.

ஆனால் 1936இல் ஐயோவாவில் டிராக்டர் வந்தாயிற்று. இங்கே ஒன்றுகூட இல்லை. விலை வீழ்ச்சியில் பண்ணைகள் ஏலம் போன காலம் அது, அதன் தடமும் இல்லை. ஸ்டோன் சிட்டியிலும் இதே கதை: போர்ட்லேண்ட் சிமெண்ட் வந்ததால் குவாரித் தொழில் படுத்துப்போன ஊர், ஓவியத்தில் பசுமையாகச் சிரிக்கிறது. பத்து வயதில் விட்டுவந்த பண்ணையைத்தான் அவர் வரைந்தார். இதை ஏமாற்று என்று விமர்சித்தவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இந்தப் படங்களை அக்காலத்தின் ஆவணமாக வைத்துப் பேசுவது தவறு.

அவர் பழமையில் மட்டும் மூழ்கியவரும் அல்ல. 'டெத் ஆன் தி ரிட்ஜ் ரோட்' என்ற 1935 ஓவியத்தில் ஒரு சிவப்பு லாரியும் கார்களும் மேட்டுச் சாலையில் மோதப்போகின்றன. அதே வளைவு, அதே மேடு, ஆனால் வயிற்றைக் கலக்கும்.

[திரையில்: ஸ்டோன் சிட்டி ஓவிய முகாம், பிறகு கல் அச்சுப் படங்கள்.]

1932, 1933 கோடைகளில் ஸ்டோன் சிட்டியிலேயே ஓவிய முகாம் நடத்தினார். தங்குவதற்கு, வீடுகளுக்குப் பனிக்கட்டி கொண்டுபோன பழைய வண்டிகள். 1934 முதல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பிற்பாடு அவருடைய கல் அச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து பல பிரதிகள் எடுக்கும் லித்தோகிராஃப்) 5 டாலருக்கு விற்கப்பட்டன, சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. 1942 பிப்ரவரி 12 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். 51 வயது நிறைய ஒரு நாள் மீதி.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு: 'ஸ்டோன் சிட்டி' ஒமாஹாவின் ஜாஸ்லின் அருங்காட்சியகத்தில், 'ஸ்பிரிங் டர்னிங்' வட கரோலினாவின் ரெனால்டா ஹவுஸில். சீடர் ராப்பிட்ஸில் 5, டர்னர் ஆலி என்ற முகவரியில் அவருடைய ஸ்டுடியோவும் இருக்கிறது. ஓவியத்தின் முன் நேராக நிற்பதோடு விடாமல் சற்றுப் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். பரப்பு எவ்வளவு வழவழப்பு என்பது போன் திரையில் தெரியவே தெரியாது.