ஒரு நாளைக்கு ஒரு அடி

நண்பர்களே, இந்த மேடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது அடி இருக்கும். கருங்கல்லில் இவ்வளவு தூரம் குடைய, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 1866-ல் இரண்டரை வாரம் ஆயிற்று. ராப்பகலாக, மூன்று ஷிப்ட் ஆள் போட்டும்!

டானர் கணவாயில், ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது அந்த ஆறாம் எண் ரயில் சுரங்கப்பாதை. நீளம் 1,659 அடி. இரண்டு முனையிலிருந்து மட்டும் குடைந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால் மலையின் நடு உச்சியிலிருந்து கிணறு மாதிரி ஒரு குழியை நேராக இறக்கினார்கள். அடிமட்டத்துக்குப் போனதும் இருபுறமும் குடையலாம் அல்லவா? ஆக நான்கு முகத்தில் வேலை.

எப்படிக் குடைந்தார்கள்? ஒருவர் உளியைப் பாறையில் வைத்துப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். மங்கிய விளக்கொளியில், விரலுக்குப் பக்கத்தில் சம்மட்டி விழும். பிடித்திருப்பவருடைய நெஞ்சுரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். துளை ஆழமானதும் கருமருந்தைக் கெட்டித்துத் திரி வைத்து ஓடி வருவார்கள். புகை அடங்கிப் போய்ப் பார்த்தால், நாள் முழுக்கப் பாடுபட்டதற்கு ஒரு அடிக்குச் சற்றுக் கூடத்தான் நகர்ந்திருக்கும்.

அப்புறம் நைட்ரோகிளிசரின் என்ற திரவ வெடிமருந்து வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெட்டி வெடித்துப் பலர் இறந்திருந்ததால் அதை ரயிலேற்ற யாருக்கும் துணிவில்லை. மலையிலேயே காய்ச்சினார்கள். வேகம் ஒன்றே முக்கால் அடி ஆயிற்று. 1867 ஆகஸ்டில், எதிரெதிரே குடைந்து வந்த பாதைகள் சந்தித்தன. விலகல் இரண்டு அங்குலம்தான்!

வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பனிக்காலத்தில் குடிசையிலிருந்து வேலைக்குப் பனிக்கடியில் வழி வெட்டிப் போனார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குச் சாப்பாடு ரயில் கம்பெனி கணக்கு, சீனருக்குச் சொந்தக் காசு. 1867 ஜூனில் சம்பளத்தைக் கூட்டு, வேலை நேரத்தைக் குறை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி உணவு வரத்தை நிறுத்தியது. ஒரு வாரத்தில் முடிந்துபோனது. கம்பெனிப் பேரேட்டில் பெரும்பாலும் வேலைக் குழுத் தலைவர்களின் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பாதையில் உழைத்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் எழுதிய கடிதம்கூட இதுவரை கிடைக்கவில்லை.

நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் ரயில் ஓடியது. 1925-ல் பக்கத்திலேயே வேறொரு சுரங்கம் வந்துவிட்டது. 1993-ல் பழைய பாதையைக் கைவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். அதன் பிறகு பலர் உள்ளே நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார்கள். வெளியே பனித்தடுப்புக் கொட்டகைச் சுவரெல்லாம் பெயிண்ட் கிறுக்கல், யார் யாரோ தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் பாறையில் அரைவட்டக் காடிகள் தெரியும். ஒரு விரலை நீளவாக்கில் வைக்கலாம். உளி இறங்கிய துளைகளின் மிச்சம் அவை.