சீசர் செத்த ஆண்டுக்கு என்ன பெயர்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றது எந்த ஆண்டு? பள்ளிப் பிள்ளையும் கி.மு. 44 என்று சொல்லிவிடும். குத்தியவர்களைக் கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள். கிறிஸ்துவே பிறக்கவில்லையே! அவர்களுக்கு அது, சீசர் ஐந்தாம் முறை கான்சலாக, அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளர் இருவரில் ஒருவராக, இருந்த ஆண்டு; உடன் இருந்தவர் ஆன்டனி. அவ்வளவுதான்.

ரோமில் ஆண்டின் தொடக்கத்தில் பதவியேற்கும் இரண்டு கான்சல்களின் பெயரே ஆண்டின் பெயர். பத்திரத்திலும் அதைத்தான் எழுதுவார்கள். மார்ச் 15 அன்று சீசர் விழுந்தார். அவர் இடத்துக்கு டோலாபெல்லா வந்தார். ஆண்டு என்னவோ சீசர் பெயரிலேயே ஓடி முடிந்தது.

இந்த முறையில் கேலிக்கும் இடம் உண்டு. கி.மு. 59-இல் சீசரோடு கான்சலானவர் பிபுலஸ். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, பிபுலஸ் வீட்டுக்குள் முடங்கிவிட்டார். ஊர்க் குறும்பர்கள் அந்த ஆண்டை 'ஜூலியஸும் சீசரும் கான்சல்களாக இருந்த ஆண்டு' என்று எழுதினார்களாம். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு இப்படிக் கிண்டல் செய்ய முடியுமா, சொல்லுங்கள்!

சீசர் செத்த அதே ஆண்டு சீனத்தில், ஹான் பேரரசர் யுவான் தம் ஆட்சியாண்டுகளுக்கு வைத்த 'சூயுவான்' என்ற பெயரின் ஐந்தாம் ஆண்டு. நம் கல்வெட்டுகளில் 'யாண்டு' என்ற சொல்லோடு வரும் எண், அரசர் மாறினால்தான் ஒன்றிலிருந்து தொடங்கும். சீன அரண்மனைக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரசர் அவரேதான், ஆனால் அடுத்த ஆண்டே 'யொங்குவாங்' என்று புதுப் பெயர், எண்ணிக்கையும் புதிது.

அந்தச் சூயுவான் ஐந்தாம் ஆண்டின் நான்காம் மாதத்தில், வடமேற்கு வானில் செம்மஞ்சள் நிற வால்நட்சத்திரம் ஒன்று தெரிந்ததாகச் சீனர்கள் குறித்து வைத்தார்கள். ரோமிலும், சீசர் நினைவாக நடந்த விளையாட்டுகளின்போது ஏழு நாள் ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. சீசரின் ஆன்மா விண்ணேறியதாக மக்கள் நம்பினார்கள். இரண்டும் ஒன்றே என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அப்படிச் சொல்வதற்குக் கான்சல் பட்டியலையும் ஹான் ஆண்டுப்பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

இரண்டையும் இன்று கி.மு. என்ற ஒரே கயிற்றில் கட்டுகிறோம். கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் வழக்கத்தை டயோனிசியஸ் என்ற துறவி தொடங்கியது 525-இல். அவர் கணக்கில் சுழியம் ஆண்டு இல்லை, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. வானியலாளர்களோ சுழியம் வைத்து எண்ணுபவர்கள். அவர்களுக்குச் சீசர் செத்தது -43ஆம் ஆண்டு. அந்த ஓராண்டு வித்தியாசத்தை மறந்து -44 என்று போட்டு வால்நட்சத்திரத்தைக் கணக்கிட்டால், சீசர் உயிரோடு நடமாடும்போதே அவருடைய ஆன்மா வானில் ஏறிவிடும்!